கேலிச்சித்திரங்களும் சுவர்ப் படங்களும்

வல்லரசுகள் உலகைப் பங்கிட்டுக்கொண்ட கதையை வரலாற்று நூல்கள் பல அதிகாரங்களில் விரித்துரைக்கும். அதனை ஒரே தாளில் காட்டியவர் லண்டன் நகரத்துச் சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே. 1805 பிப்ரவரியில் வெளிவந்த அவரது படத்தில் ஒரு விருந்து மேசை. தட்டிலே பிளம் புட்டிங் என்னும் உருண்டைப் பணியாரம். அவ்வுருண்டையே பூகோளம்! ஒருபுறம் ஆங்கிலப் பிரதமர் வில்லியம் பிட், மேற்கிந்தியத் தீவுகளோடு பெருங்கடலையும் சேர்த்து அறுத்தெடுக்கிறார். மறுபுறம் குள்ள உருவினனாகத் தீட்டப்பெற்ற நெப்போலியன், நாற்காலியை விட்டெழுந்து எட்டி, வாளால் ஐரோப்பாவைக் கூறுபோடுகிறான். அறுபடும் நாட்டு மக்களுக்கு அம்மேசையில் இடமில்லை.

இப்படம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததன்று. செப்புத் தகட்டில் கீறி, அச்சிட்டு, கையால் வண்ணந்தீட்டி, ஹன்னா ஹம்ப்ரி என்ற பெண்மணியின் கடையில் தனித்தாளாக விற்கப்பெற்றது. கடைச் சன்னலில் புதுப்படம் வைத்தால் கூட்டம் கூடும். கில்ரே 1815-இல் மறைந்த பின்னரும் தகடுகள் மறையவில்லை. ஹென்றி போன் என்ற பதிப்பாளர் அவற்றைக் கொண்டே மீண்டும் அச்சிட்டார்.

பின்னர் வந்தது 1841-இல் தொடங்கிய ‘பஞ்ச்’ வார இதழின் காலம். கேலி செய்தவர்கள் யாவரும் ஏகாதிபத்தியத்தின் பகைவர் என்று நாம் கொள்ளலாகாது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஆங்கிலப் பெண்டிரும் குழந்தைகளும் கொல்லப்பட்ட செய்திகள் லண்டனைக் கலக்கிய வேளையில், ஆகஸ்டு 22-ஆம் நாள் ஜான் டென்னியல் ஒரு படம் வரைந்தார். தாயும் சேயும் வீழ்ந்து கிடக்க, மேலே நிற்கும் வங்கப் புலியின் மீது ஆங்கிலச் சிங்கம் பாய்கிறது. டில்லி அப்போது இன்னும் வீழவில்லை. படத்தில் நகைச்சுவை துளியும் இல்லை. பழிவாங்குக என்னும் அழைப்பே உளது. அச்சிங்கம் பாய்ந்தபின் டில்லியிலும் கான்பூரிலும் நம்மவர் பட்டதை வரைய அவ்விதழில் அத்தகைய ஆர்வம் இருந்ததாகத் தோன்றவில்லை.

1892 டிசம்பர் 10-இல் அதே இதழில் லின்லி சாம்போர்ன் வரைந்ததே இன்று பாடநூல்தோறும் காணப்படுவது. செசில் ரோட்ஸ் என்ற செல்வர், கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை தந்திக்கம்பி இழுக்கத் திட்டமிட்டார். பண்டைய ரோட்ஸ் தீவின் பேருருவச் சிலையோடு அவர் பெயர் ஒத்திருந்ததால், ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஒரு காலும் வடகோடியில் மறுகாலும் ஊன்றி, இரு கைகளிலும் கம்பியைப் பிடித்து நிற்பவராக அவரைத் தீட்டினார். தோளில் துப்பாக்கி, காலடியில் நிலம். ஆப்பிரிக்க மனிதன் ஒருவன்கூட இல்லை! அக்கம்பியும், அதனையொட்டி அவர் கனாக்கண்ட இருப்புப்பாதையும் முழுமை பெறவேயில்லை. இருப்புப்பாதைப் பணியிலிருக்கும் எமக்கு, படத்தில் கம்பி இழுப்பது எத்துணை எளிது என்று தோன்றாமலில்லை.

இப்படங்கள் யாவும் இன்று வழுவழுப்பான தாளில் அச்சாகி, சட்டமிட்டு, வீட்டுச் சுவர்க்கு அலங்காரமாக விற்கப்படுகின்றன. வாங்குவதில் குற்றமில்லை. ஆயின் நாளும் தலைப்பும் நீங்கிப் படம் மட்டும் நிற்கும் தாள்களையும் காண்கிறோம். அவ்விடத்தில் டென்னியலின் புலி வெறும் வேட்டைக் காட்சியாகிவிடுகிறது. நம் பிள்ளைகள் சிங்கத்தின் வீரத்தை மெச்சிவிட்டுப் போவர். அத்தகைய படத்தை மாட்டுவோர், ஆண்டையும் காரணத்தையும் ஒரு சிறு சீட்டில் எழுதிக் கீழே ஒட்டிவிடுதல் நலம்.

இதனை நமக்குக் காட்டியவர் பாரதியாரே. 1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அரசியல் கேலிச்சித்திரங்களை அவர் வெளியிட்டபோது, தமிழ் வாசகர்க்கு அக்கலை புதிது. ஆதலின் படத்தோடு விளக்கமும் சேர்த்தே அச்சிட்டார். 1908-இல் அடக்குமுறை மிகவே, இதழ் புதுச்சேரிக்குப் பெயர்ந்து, 1910-இல் நின்றது. அப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து நூலாக்கியுள்ளார். அவற்றைச் சட்டமிட்டு விற்கும் கடையை இவ்வூரில் நாம் இன்னும் கண்டிலோம்.