சாறு பிழிய எதற்கு வைஃபை?

பழைய விற்பனைப் பட்டியல்களைத் தோண்டுவது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். அப்படிச் சிக்கியதுதான் ஹனிவெல் நிறுவனத்தின் 'கிச்சன் கம்ப்யூட்டர்'. 1969-இல் அமெரிக்காவின் நீமன் மார்கஸ் கடை இதை 10,600 டாலருக்கு விளம்பரம் செய்தது. சமையல் குறிப்புகளைச் சேமித்து வைக்குமாம். காய் நறுக்கப் பலகைகூட உண்டு, திரைதான் கிடையாது! சுவிட்சுகளைத் தட்டி இரும எண்களில் கேட்டால், விளக்குகள் எரிந்து இரும எண்களிலேயே பதில் சொல்லும். அதைப் படிக்க இரண்டு வாரப் பயிற்சியும் விலையில் அடக்கம். ஒன்றுகூட விற்றதற்குப் பதிவு இல்லை.

சிரிப்பு வருகிறது இல்லையா? ஆனால் யாராவது வாங்கியிருந்தால், அந்தப் பெட்டி முழுக்க முழுக்க அவருடையது. அப்புறம் வந்தவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

2016-இல் ஜூசெரோ என்ற சாறு பிழியும் இயந்திரம் வந்தது. 699 டாலர், பிறகு 399 ஆக்கினார்கள். கடையில் வாங்கின பழத்தை இதில் போட முடியாது. நிறுவனமே நறுக்கி அடைத்து, சந்தாவுக்கு அனுப்பும் பைகளைத்தான் போட வேண்டும். ஒரு பை 5 முதல் 8 டாலர். பை மேல் இருக்கும் க்யூஆர் குறியீட்டை இயந்திரம் படித்து, இணையத்தில் சரிபார்த்த பிறகே பிழியும். காலாவதியான பையைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். தேதியோ பை மேலேயே அச்சாகியிருந்தது! என்னைக் கேட்டால், அந்த வைஃபை வாடிக்கையாளருக்குப் போட்ட மூக்கணாங்கயிறு.

2017 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் செய்தியாளர்கள் அந்தப் பையைக் கையாலேயே பிழிந்து காட்டினார்கள். கிட்டத்தட்ட அதே அளவு சாறு வந்தது. சுமார் 12 கோடி டாலர் முதலீடு திரட்டிய நிறுவனம் செப்டம்பரில் மூடப்பட்டது. இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்த பொறியாளர்கள் பாகங்களின் தரத்தைக் கண்டு அசந்துபோனார்கள் என்பது தனிக்கதை.

ஜூசெரோவாவது சந்தாவை முதலிலேயே சொல்லி விற்றது. அனோவா கதை வேறு. பையில் அடைத்த இறைச்சியை வெந்நீரில் ஒரே சூட்டில் வேகவைக்கும் கருவி அது. செயலி இலவசமாக இருந்தது. 2024 ஆகஸ்ட் 21 முதல் செயலியில் புதிதாகச் சேர்பவர்களுக்கு மாதம் 1.99 டாலர் கட்டணம் வந்தது. பழையவர்களுக்கு விலக்கு. ஒவ்வொரு முறை செயலி வழியாகச் சமைக்கும்போதும் தங்களுக்குச் செலவாகிறது என்பது நிறுவனத்தின் நியாயம். உண்மைதான், சர்வர் சும்மா ஓடாது. ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் பாத்திரத்தோடு பேச எங்கோ இருக்கும் சர்வர் எதற்கு?

2025 செப்டம்பரில் பழைய மாடல்கள் சிலவற்றுக்குச் செயலித் தொடர்பையும் நிறுத்தினார்கள். பொத்தானை அழுத்தினால் அவை இன்னும் சூடாகும். ஃபோனிலிருந்து கூப்பிட்டால் பதில் இல்லை.