திருப்பிப் பாருங்க!

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, "மெஷின் டிராயிங்கையே தட்டுத்தடுமாறி பாஸ் செய்தவன் நான், என்னை விட்டுடுங்க" என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை. சரி, படித்ததைப் பற்றி எழுதாமல், படித்தும் விழித்ததைப் பற்றி எழுதுகிறேன்.

நம்மில் பலர் இன்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம்தான் ஷிப்ட் பஸ் பிடிக்கிறோம். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998-இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. உதிரிபாகம் செய்யும் கொரியக் கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. 2007-இல் சாம்சங் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்ததும் ஜப்பானிய மொழியும் சேர்ந்துகொண்டது. ஏரியும் நெல்வயலுமாக இருந்த ஊர்களில் இன்று கொரிய எழுத்தில் ஓட்டல் போர்டு!

2018-இல் நானும் கொரிய மொழி கற்கக் கிளம்பினேன். செல்போனில் ஒரு செயலி. பஸ்ஸில் தினமும் பத்து நிமிடம். இருநூறு நாள் விடாமல் படித்தேன். மனசுக்குள் நான் பாதிக் கொரியன்!

ஒருநாள் லைனில் மெஷின் நின்றுவிட்டது. கொரிய எஞ்சினியர் ஒரு குமிழைக் காட்டி, "தொல்லியோ போசேயோ" என்றார். என் காதில் "தொல்லையோ" என்றுதான் விழுந்தது. பின்பாதி மட்டும் புரிந்தது: 'பார்' என்று செயலி ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்திருந்தது. ஆகவே குமிழைப் பார்த்தேன். அவர் மறுபடியும் சொன்னார். நான் இன்னும் உற்றுப் பார்த்தேன்! பக்கத்தில் நின்ற ஐ.டி.ஐ. படித்த ஆப்பரேட்டர் தம்பி, "திருப்பிப் பாருங்கங்கறாரு சார்" என்று சொல்லிக்கொண்டே குமிழைத் திருப்பினான். மெஷின் ஓடியது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"நாம பேசற மாதிரிதானே சார் பேசறாங்க. செஞ்சு பாரு, தின்னு பாரும்போமே, அதேதான்."

அவன் சொன்னது அப்பட்டமான இலக்கணம். 'தொல்லியோ' என்றால் திருப்பி, 'போசேயோ' என்றால் பாருங்க. வினை கடைசியில் வருவது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, மரியாதை வினையின் முடிவில் தெரிவது என எல்லாமே நமக்குப் பழகியவை. 1905-இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் வெளியிட்டிருக்கிறார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டால் போகிறது, வாக்கியம் ஒத்துப்போகிறதே! நானோ ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வருவதற்குத் தாம்பரம் போய்த் திரும்பிய கதைதான்.

அப்படியானால் செயலி மோசமா? இல்லை. அதன் பூர்வீகத்தைப் பாருங்கள். 1885-இல் ஜெர்மானியர் எபிங்காஸ், மனப்பாடம் செய்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்னையே சோதித்து அளந்து எழுதினார். 1972-இல் லைட்னர் என்பவர் அட்டைப் பெட்டி முறையை விளக்கினார்: சரியாகச் சொன்ன அட்டை பின் அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் அறைக்கே திரும்பும். 1987-இல் போலந்துக்காரர் வோஸ்னியாக் அதே மாதிரி வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார். 2006-இல் அங்கி வந்தது. 2012-இல் டுவோலிங்கோ பொதுமக்களுக்குத் திறந்தது. இந்தப் பரம்பரை தீர்க்க வந்தது மறதி என்ற ஒரு வியாதியை. எதிரில் நிற்கும் மனிதனின் பேச்சைக் காதில் வாங்குவது வேறு வித்தை.

ஆகவே, இப்போது கற்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்குப் பட்டறிவில் மூன்று கேள்விகள் சொல்கிறேன். ஒன்று, இந்தக் கருவி எந்த மொழி வழியாக விளக்குகிறது? ஆங்கிலம் வழியென்றால், ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இரண்டு, விரலால் தொட வைக்கிறதா, வாயைத் திறக்க வைக்கிறதா? மூன்று, தப்பைத் திருத்த ஒரு ஆள் உண்டா? சென்னையில் 2006-இல் தொடங்கிய இன்கோ மையம் கொரிய வகுப்புகள் நடத்துகிறது. நேரில் போக முடியாதவர்கள், ஆசிரியர் எதிரே உட்கார்ந்து திருத்தும் ஆன்லைன் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். பணம் கட்டுமுன் ஒரு வகுப்பு கேட்டுவிடுவது நல்லது.

செயலியை நான் இன்னும் அழிக்கவில்லை. வார்த்தைகளை மறக்காமலிருக்க அது போதும். பேச்சுக்கு அந்த ஆப்பரேட்டர் தம்பிதான் குரு. பதிலுக்கு, அவனுக்கு நான் கொரிய எழுத்து சொல்லிக் கொடுத்தேன். அடிப்படை எழுத்து இருபத்து நான்குதான்; ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். இப்போது மெஷின் திரையில் வரும் எச்சரிக்கையை எனக்கு முன்னால் அவன் படித்துவிடுகிறான்.

டிகிரி வாங்கியவன் நான்தான். ஆனால் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்.