அடிநாதம் காத்தவர்

கச்சேரி கேட்டுத் திரும்புகிறவரை நிறுத்தி விசாரித்தால், பாட்டைப் பற்றிச் சொல்வார்; பிடிலைப் பற்றிச் சொல்வார்; தனி ஆவர்த்தனத்தையும் சிலாகிப்பார். தம்பூரா மீட்டியவர் யார் என்று கேட்டால் மட்டும் சற்றே விழிப்பார். ஆயினும் அந்தத் தம்பூரா நடுவில் நின்றுபோனால், சபை முழுவதும் அக்குறையை உணரும். மேனாட்டு ராக் இசைக் குழுக்களிலும் இத்தகைய இடத்தில் இருப்பவர் ஒருவர் உண்டு. அவரே பேஸ் கிதார் வாசிப்பவர்.

தம்பூரா ஒரே சுருதியில் நிலைத்து நிற்பது. பேஸ் கிதாரோ பாட்டுடன் கூடவே நடப்பது. சாதாரணக் கிதாரின் கீழ்த் தந்திகள் நான்கைவிட ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும் நான்கு தந்திகள் இதில் உண்டு. ஒரு கையால் தாளத்தையும் மறு கையால் ராகத்தையும் பற்றி இரண்டையும் இணைப்பது போன்றது இதன் பணி. முற்காலத்தில் ஆளுயர டபிள் பேஸே இவ்வேலையைச் செய்து வந்தது. 1951ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர், தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க மின்சார பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். ஸ்வர ஸ்தானம் பிசகாதிருக்க அதன் கழுத்தில் மெட்டுக்கள் பதித்திருந்தமையால், ‘பிரிஸிஷன் பேஸ்’ என்று பெயரிட்டார்.

அதே 1951ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜான் டீக்கன் பிறந்தார். பதினோராவது வயதில் தந்தையை இழந்த இவர், பள்ளிப் பருவத்திலேயே தோழர்களுடன் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார். எனினும் படிப்பைக் கைவிடவில்லை. லண்டன் செல்ஸி கல்லூரியில் மின்னணுவியல் பயின்றார். 1971ஆம் ஆண்டில் ‘குவீன்’ என்னும் குழுவில் நான்காமவராகச் சேர்ந்தார். நால்வரில் வயதிலும் இளையவர், வரவிலும் கடைசி.

அக்குழுவின் பாடகரான பிரெட்டி மெர்க்குரி நம் நாட்டுக்குப் புதியவர் அல்லர். ஸான்ஸிபாரில் பார்ஸி குடும்பத்தில் பிறந்த அவரது இயற்பெயர் பரூக் புல்ஸாரா. மகாராஷ்டிரத்தின் பஞ்சகனி மலையூரில் உள்ள விடுதிப் பள்ளியில் படித்தவர். புணே, பம்பாய்ப் பகுதிகளில் வாழும் நம்மவர் பலர் அம்மலையைக் கண்டிருப்பர்.

டீக்கன் கற்ற கல்வி வீண்போகவில்லை. 1972ஆம் ஆண்டில் தெருவோரக் குப்பைத் தொட்டி ஒன்றில் கிடந்த மின்சுற்றுப் பலகையை அவர் எடுத்து வந்தார். பழைய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றில் பொருத்தி, பாட்டரியில் இயங்கும் சிறு பெருக்கியாக ஆக்கினார். குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே பிற்காலத்தில் பல இசைத்தட்டுகளில் வாத்தியக் கோஷ்டியே முழங்குவது போன்ற ஒலியை எழுப்பியது இச்சிறு பெட்டியின் துணையுடன்தான்.

பேசாதிருப்பவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணுவது பிழை. 1975ஆம் ஆண்டின் இசைத்தட்டுக்கு, தம் மனைவியை நினைந்து ‘யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரண்ட்’ என்ற பாடலை இயற்றினார் டீக்கன். 1980ஆம் ஆண்டில் அவர் இயற்றிய ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அப்பாடலில் நம் செவியை முதலில் ஈர்ப்பது பாடகர் குரல் அன்று. சில ஸ்வரங்களே கொண்ட பேஸ் கிதாரின் நடைதான். ஆயினும் தம் பாடல்களைத் தாமே முன்னின்று பாட அவர் முற்படவில்லை. அதற்குரிய குரல் மெர்க்குரியுடையது என்பதை அறிந்திருந்தார். 1985ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்திற்காக வெம்ப்ளி மைதானத்தில் நடந்த பெரு நிகழ்ச்சியிலும் அவர் நின்ற இடம் முரசுகளின் அருகேதான்.

1991ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் மெர்க்குரி காலமானார். குரல் மறைந்தபின் அதனைத் தாங்கி நின்றவர் செய்யத்தக்கது யாது? மற்ற இருவரும் வேறு பாடகர்களுடன் குழுவைத் தொடர்ந்து நடத்தினர். அதுவும் நட்புக்குச் செய்யும் மரியாதையே. டீக்கன் கண்ட விடை வேறு. 1992ஆம் ஆண்டில் நண்பரின் நினைவு நிகழ்ச்சியில் வாசித்தார். 1997ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸில் இறுதியாகத் தோழர்களுடன் மேடையேறினார். அவ்வாண்டிலேயே இசைத்தொழிலினின்றும் விலகினார். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராக் இசையின் புகழ் மண்டபத்தில் அவர்கள் பெயர் பொறிக்கப்பெற்றபோதும் அவர் அங்குச் செல்லவில்லை.

ஊர் விட்டு ஊர் வந்து, அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பெயர் வெளித் தெரியாமல் உழைப்பவர் நம்மில் அநேகர். பிறர் சொல்லை மொழிபெயர்த்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நாமும் அவ்வரிசையில் சேர்ந்தவரே. நம் பணியைக் கேட்பவர் கவனிப்பதில்லை. அது நின்றால்தான் கவனிப்பர். அதற்காக வருந்தும் பொழுதுகளும் உண்டு. அத்தகைய பொழுதில் டீக்கனின் வாழ்வு ஓர் ஆறுதல். பின்வரிசையில் நிற்பது சிறுமையன்று. எப்பொழுது வாசிப்பது, எப்பொழுது வாத்தியத்தைக் கீழே வைப்பது என்பதைத் தாமே முடிவு செய்பவர் எவருக்கும் குறைந்தவர் அல்லர்.