கற்பித்தல் துணைக்கருவிகள்

கற்பித்தல் துணைக்கருவிகள் என்பன, ஒரு பாடக்கருத்தை மாணவர்கள் பார்த்தும் கேட்டும் தொட்டும் செய்தும் விளங்கிக்கொள்வதற்காக ஆசிரியர் வகுப்பறையில் பயன்படுத்தும் பொருட்கள் ஆகும். கரும்பலகை, படங்கள், மின்னட்டைகள், நிலவரைபடம், உலக உருண்டை, மணிச்சட்டம், மாதிரி உருவங்கள், ஒலி ஒளிப் பதிவுகள் ஆகியன இவற்றுள் அடங்கும். புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, களிமண் போன்று செலவின்றிக் கிடைக்கும் பொருட்களும் துணைக்கருவிகளே. ஒரு பொருள் அது எவ்வளவு விலையுயர்ந்தது என்பதால் துணைக்கருவி ஆவதில்லை. மாணவருக்கு எந்த இடத்தில் ஐயம் எழுகிறதோ, அந்த இடத்தைத் தெளிவாக்குவதாலேயே துணைக்கருவி ஆகிறது.

வரலாறு

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகும் முறை வழக்கில் இருந்தது. சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறையைக் கண்டு, தம் பொறுப்பில் இருந்த எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் பின்பற்றினார். இதைப்பற்றி அவர் 1797 இல் வெளியிட்ட நூலின் வழியாக மணல் எழுத்துமுறை இங்கிலாந்துக்கும் சென்றது.

1937 ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் தக்கிளியும் பஞ்சும் கணக்கு, அறிவியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் கருவிகள் ஆயின. கோவை வட்டாரத்தில் தி. சு. அவினாசிலிங்கம் 1930 இல் தொடங்கிய இராமகிருட்டிண மிசன் வித்தியாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் இக்கல்வி முறையை வளர்த்தது. 1939 இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

1987 இல் நடுவண் அரசு தொடங்கிய கரும்பலகைத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு அடிப்படைக் கருவிகளை வழங்க முற்பட்டது. பின்னர் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்கீழ், துணைக்கருவிகள் செய்துகொள்ள ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வழங்கப்பட்டது.

தமிழகத்தில் செயல்வழிக் கற்றல்

2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கப்பட்ட செயல்வழிக் கற்றல், 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. ஆந்திராவின் ரிசிவேலி பள்ளி உருவாக்கிய அட்டை முறை இதற்கு முன்னோடியாகும். இம்முறையில் பாடம் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை அமைக்கப்பட்டது. தான் நிற்கும் படியைக் கற்றல் ஏணியில் பார்த்து, அதற்குரிய சின்னம் கொண்ட அட்டையை மாணவரே எடுத்துக்கொள்வார். குழந்தைகள் எழுதுவதற்குச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகையும், அவர்களின் படைப்புகளைத் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப் பந்தலும் அமைந்தன.

ஒரே அறையில் பல வகுப்புகளை நடத்தும் பள்ளிகளுக்கு இம்முறை ஏற்றதாக இருந்தது. எனினும் அட்டைகள் தொலைந்தாலோ கிழிந்தாலோ படிகளின் தொடர்ச்சி அறுந்துவிடும். அட்டையை முடிப்பதே கற்றல் என்று ஆகிவிடும் இடரும் இதில் உண்டு. 2022 இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மாணவர்கள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, நிலைக்கேற்ற செயல்பாடுகளும் துணைக்கருவிகளும் வகுக்கப்பட்டன.

தெரிவு செய்தல்

துணைக்கருவியைத் தெரிவு செய்யும்போது பின்வருவன கருதப்படும்.

* நோக்கம்: மாணவர் எதைக் கற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதன் பின்னரே கருவியைத் தேட வேண்டும்.
* பொருத்தம்: கருவியின் அமைப்பு கருத்தின் அமைப்பை ஒத்திருக்க வேண்டும்.
* அளவு: கடைசி வரிசை மாணவருக்கும் தெரிய வேண்டும், அல்லது குழுவுக்கு ஒன்றாகக் கையில் கிடைக்க வேண்டும்.
* எளிமை: தேவையற்ற வண்ணமும் அழகூட்டலும் கவனத்தைக் கருத்திலிருந்து விலக்கும்.
* உறுதியும் பாதுகாப்பும்: பலர் கையாண்டாலும் சிதையாததாகவும், காயம் உண்டாக்காததாகவும் இருத்தல் வேண்டும்.

பொருத்தம் என்பதை 32 - 17 என்னும் கழித்தல் கணக்கைக் கொண்டு விளக்கலாம். பத்து ஈர்க்குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டினால் 32 என்பது மூன்று கட்டுகளும் இரண்டு குச்சிகளும் ஆகும். இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாது. எனவே மாணவர் ஒரு கட்டை அவிழ்க்கிறார். பன்னிரண்டு உதிரிக் குச்சிகள் கிடைக்கின்றன. அவற்றில் ஏழை எடுக்க ஐந்து மீதம். எஞ்சிய இரண்டு கட்டுகளில் ஒன்றை எடுக்க ஒரு கட்டு மீதம். விடை 15. பத்துக்கு ஒரு சிவப்பு மணி, ஒன்றுக்கு ஒரு நீல மணி என்று வைத்தாலும் இக்கணக்கைச் செய்யலாம். ஆனால் சிவப்பு மணி பத்துக்குச் சமம் என்பதை மாணவர் ஆசிரியர் சொல்வதால் மட்டுமே ஏற்க வேண்டும்; கட்டை அவிழ்ப்பவரோ அதைத் தாமே காண்கிறார். இடமதிப்பு புரியாமல் "கடன் வாங்குதல்" என்ற விதியை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தைக்குப் பின்வரும் வகுப்புகளில் பெருக்கலும் வகுத்தலும் தசமமும் சுமையாகின்றன. ஆகவே தொடக்க நிலையில் குச்சிக்கட்டே சிறந்த தெரிவு எனலாம்.

வட்டாரப் பொருட்கள்: பொள்ளாச்சி

பள்ளியைச் சுற்றியுள்ள நிலமே துணைக்கருவிகளின் களஞ்சியமாக அமையக்கூடும் என்பதற்குப் பொள்ளாச்சி வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டு.

* கணிதம்: தென்னங்கன்றுகளை 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நடுவது பொதுப் பரிந்துரை. ஒரு மரத்துக்கு 625 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. எனவே ஏக்கருக்குச் சுமார் 70 மரங்கள். தோப்பில் அடிகோலால் அளந்து பார்த்த மாணவருக்குப் பரப்பளவு என்பது வெறும் வாய்பாடாக இராது.
* அறிவியல்: ஊறவைத்த நிலக்கடலை இரண்டாகப் பிரியும், மக்காச்சோளம் பிரியாது. இருவித்திலை, ஒருவித்திலை வேறுபாட்டை ஒவ்வொரு மாணவரும் தம் கையாலேயே அறியலாம்.
* புவியியல்: பொள்ளாச்சி பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முகப்பில் உள்ளது. ஆழியாறு மேற்கே ஓடிப் பாரதப்புழையுடன் சேர்கிறது. நொய்யலும் அமராவதியும் கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கின்றன. ஈர மணலில் மலைகளையும் கணவாயையும் அமைத்து நீரை ஊற்றினால், அருகருகே பிறக்கும் ஆறுகள் எதிரெதிர்த் திசையில் செல்வதன் காரணம் விளங்கும்.
* அளவைகள்: கொட்டாங்குச்சி, படி, லிட்டர்க் குவளை ஆகியவற்றால் ஒரே அளவு நீரை அளக்கும்போது மூன்று வேறு எண்கள் வரும். பொது அலகின் தேவையை இது உணர்த்தும்.

பயன்படுத்தும் முறை

ஆசிரியர் கருவியை முன்னரே கையாண்டு பார்த்திருத்தல் வேண்டும். வகுப்பில் உரிய நேரத்தில் மட்டுமே அதை வெளியே எடுக்க வேண்டும்; தொடக்கத்திலேயே மேசைமேல் வைத்தால் மாணவர் கவனம் அதிலேயே நிற்கும். காட்டுவதற்கு முன், என்ன நிகழும் என்று மாணவர்களிடம் கேட்டுவிட்டுப் பின் செய்துகாட்டுதல் நன்று.

செரோம் புரூனர் 1960களில் கற்றலைச் செயல், படம், குறியீடு என்னும் மூன்று நிலைகளில் விளக்கினார். இதன்படி, குச்சியால் செய்த கணக்கைப் பின்னர் படமாக வரைந்தும், இறுதியில் எண்களால் மட்டும் எழுதியும் பழக வேண்டும். கருவியைப் படிப்படியாக விலக்குவதும் அதைப் பயன்படுத்துவதன் ஒரு பகுதியே ஆகும்.

தவறான கருத்துகள்

படிப்பதில் 10 விழுக்காடும், கேட்பதில் 20 விழுக்காடும், செய்வதில் 90 விழுக்காடும் நினைவில் நிற்கும் என்னும் கூற்று ஆசிரியர் பயிற்சிகளில் பரவலாக வழங்குகிறது. இது எட்கர் டேல் 1946 இல் வெளியிட்ட அனுபவக் கூம்புடன் இணைத்துச் சொல்லப்படுகிறது. ஆனால் டேலின் கூம்பில் விழுக்காடுகள் எவையும் இல்லை. அவ்வெண்கள் பிற்காலத்தில் பிறரால் சேர்க்கப்பட்டவை. அனுபவங்களை நேரடியானவை முதல் குறியீட்டு வடிவம் வரை வகைப்படுத்துவதே அவரது நோக்கமாக இருந்தது.

கருவிகள் மிகுந்தால் கற்றலும் மிகும் என்பதும் சரியன்று. ஆய்வாளர் வருகைக்காக அலமாரியில் பூட்டி வைக்கப்படும் உலக உருண்டையைவிட, நாள்தோறும் கைமாறும் ஒரு பிடி புளியங்கொட்டை பயன் மிக்கது. திரையில் ஓடும் காணொளிக்கும் இது பொருந்தும். இடையில் நிறுத்தி வினாக்கள் எழுப்பப்படாவிட்டால் மாணவர் பார்வையாளராகவே எஞ்சுவர்.

இவற்றையும் பார்க்க

* செயல்வழிக் கற்றல்
* ஆதாரக் கல்வி
* மாண்டிசோரி கல்வி முறை
* திண்ணைப் பள்ளிக்கூடம்