குளிக்காத கூத்தன்

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் குளிப்பதற்காகவே வருகிறார்கள். பேரருவியில் ஒரு தரம், ஐந்தருவியில் ஒரு தரம், ஆசை தீராதவர்கள் பழைய அருவியில் இன்னொரு தரம் என்று, தலை துவட்டவும் நேரமில்லாமல் குளிக்கிறார்கள். மனிதர்களைச் சொல்வானேன்? கோயிலில் எழுந்தருளியிருக்கும் குற்றாலநாதருக்கே மூலிகைத் தைல அபிஷேகம்தான் விசேஷம். ஊரே எண்ணெய் தேய்த்து முழுகும்போது சுவாமி மட்டும் சும்மா இருப்பாரா?

ஆனால் அதே ஊரில் குளிக்கவே முடியாத கூத்தன் ஒருவனும் இருக்கிறான். நடராஜப் பெருமான் ஆடும் சபைகள் ஐந்து: திருவாலங்காட்டில் ரத்தின சபை, சிதம்பரத்தில் கனக சபை, மதுரையில் வெள்ளி சபை, திருநெல்வேலியில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. பெயருக்கு ஏற்றபடி, இங்கே அவன் சுவரில் எழுதிய சித்திரம். சிவபெருமான் அபிஷேகப் பிரியர் என்பார்கள். இந்தச் சபையில் மட்டும் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினால் அபிஷேகத்தோடு ஆண்டவனும் வழிந்து போய்விடுவான்!

சித்திரத்தில் அழுக்குப் படியாதா என்று கேட்கலாம். படியாமல் என்ன? பழைய கோயில் சுவர்களில் விளக்குப் புகை ஏறுகிறது, வௌவால் எச்சமிடுகிறது, மழைக் காலத்து ஈரம் ஊறுகிறது. போதாக்குறைக்கு, தங்கள் திருநாமத்தை ஆணியால் கீறிவிட்டுப் போகும் மகானுபாவர்கள் வேறு. இதையெல்லாம் எப்படிச் சுத்தம் செய்வது? வீட்டுச் சுவரில் கறை பட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் சோப்புத் தூள், ஒரு பழந்துணி. அங்கேதான் வம்பு தொடங்குகிறது.

சோப்பு என்பது இரண்டு கை படைத்த ஒரு பொருள். ஒரு கையால் எண்ணெய்ப் பசையைப் பிடிக்கும். மறு கையால் தண்ணீரைப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அழுக்கு எது, அழகு எது என்று அது விசாரிப்பதில்லை. சுவர்ச் சித்திரம் எழுதுவதில் இரண்டு முறைகள் உண்டு. சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வர்ணத்தைத் தீட்டுவது ஒன்று. சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகும்போது வர்ணமும் அதோடு கல்லாகிவிடுகிறது. சாந்து காய்ந்த பிறகு, பிசின் கலந்து தீட்டுவது மற்றொன்று. இந்தப் பிசின் சோப்புத் தண்ணீர் பட்டதும் இளகிவிடும். முதல் வகைக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. சுவருக்குள் இறங்கிய தண்ணீர் அங்குள்ள உப்பைக் கரைத்து வைத்துக்கொள்ளும். பிறகு காயும்போது உப்பு வெளியே பூத்து, வர்ணத்தைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். கழுவின அன்று சுவர் பளிச்சென்றுதான் இருக்கும். பலன் தெரியச் சில வருஷங்கள் ஆகும்.

நம் பாட்டிமார் ரசாயனம் படித்ததில்லை. ஆனாலும் தலைக்குச் சீயக்காய், பட்டுக்குப் பூந்திக்கொட்டை, பித்தளைக்குப் புளி, பாத்திரத்துக்குச் சாம்பல் என்று பொருளுக்குப் பொருள் தனித்தனியாக வைத்திருந்தார்கள். வண்ணார் துறையில் உவர்மண்ணும் வெள்ளாவியும் இருந்தன. வெள்ளாவியில் வேட்டியை வைப்பார்களே தவிர, பட்டுப் புடவையை யாரும் வைக்க மாட்டார்கள். "இது எந்தப் பொருள்?" என்ற கேள்வி முதலில்; "அழுக்கை எப்படிப் போக்குவது?" என்பது பிறகு.

1888-ல் சன்லைட் சோப்பு கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. 1914-ல் சென்னை ராஜதானி சர்க்காரே கோழிக்கோட்டில் ஒரு சோப்பு நிலையத்தை ஆரம்பித்தது. 1959-ல் ஸர்ப் தூளும், 1969-ல் குஜராத்தில் பிறந்த நிர்மாவும் வந்தன. துவைகல்லில் அடித்து அடித்துக் கை காய்த்துப்போன பெண்களுக்கு இவை வரப்பிரசாதம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பொட்டலம் என்று ஆனபோது, பாட்டி கேட்ட அந்த முதல் கேள்வி வீட்டைவிட்டுப் போய்விட்டது.

பாமரர்கள் மட்டும்தான் தவறுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அஜந்தா ஓவியங்களைக் காப்பாற்ற 1920-ல் நிஜாம் அரசாங்கம் இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்ஸினி என்ற இரண்டு நிபுணர்களை வரவழைத்தது. உதிர்ந்துகொண்டிருந்த சாந்தை அவர்கள் ஒட்டிக் காப்பாற்றினார்கள். அது பெரிய உபகாரம். ஆனால், பாதுகாப்புக்கென்று அரக்கு மெருகும் பூசினார்கள். அந்த மெருகு நாளடைவில் மஞ்சளித்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டது. பின்னால் வந்த தொல்பொருள் இலாகாவினர் அதை அகற்றப் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்தது வேறு கதை. கர்ப்பக்கிருகத்தைச் சுற்றியுள்ள இருட்டுப் பாதையில், 1931-ல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி நுழைந்து பார்த்தார். சுவரில் நாயக்கர் காலத்து ஓவியம் இருந்தது. அது உதிர்ந்த இடத்தில், அடியில் சோழர் காலத்து ஓவியம் எட்டிப் பார்த்தது! சென்னை மியூசியத்து ரசாயன நிபுணர் எஸ். பரமசிவன் அந்தச் சாந்தையும் வர்ணத்தையும் பரிசோதித்து, சோழர் ஓவியம் ஈரச் சாந்தில் தீட்டியது என்று சொன்னார். பிற்காலத்தில் தொல்பொருள் இலாகாவினர் நாயக்கர் ஓவியத்தைச் சில இடங்களில் சேதமில்லாமல் உரித்தெடுத்துப் பலகையில் பதித்து, இரண்டையும் காப்பாற்றினார்கள். யாராவது ஒரு பக்திமான் அதற்கு முன்பே புகுந்து, கரி படிந்த சுவரைத் தேய்த்துக் கழுவியிருந்தால் நமக்கு எது மிஞ்சியிருக்கும்? கும்பாபிஷேகம் வந்தால் போதும், பழைய சித்திரத்தின் மேல் வெள்ளையடித்துவிடும் வழக்கத்தால் தமிழ்நாட்டுக் கோயில்கள் இழந்தது கொஞ்சமல்ல.

நிபுணர்கள் சித்திரத்தைத் துலக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டுவார்கள். பிறகு கண்ணுக்குப் படாத ஒரு மூலையில், பஞ்சை மருந்தில் தொட்டு ஒற்றிப் பார்ப்பார்கள். பஞ்சில் வர்ணம் ஏறினால் அதோடு நிறுத்திவிடுவார்கள்.

வீட்டுக்கும் இது பொருந்தும். எண்ணெய் வர்ணம் பூசிய சுவரானால், இலேசான சோப்புத் தண்ணீரால் கீழிருந்து மேலாகத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் துடைக்கலாம். மேலிருந்து ஆரம்பித்தால் வழிந்த தண்ணீர் கோடு போட்டுவிடும். பழைய டிஸ்டெம்பர் சுவரானால் தண்ணீரே ஆகாது, உலர்ந்த துணிதான். கம்பளி விரிப்புக்குக் காரமான தூள் எமன்; பூந்திக்கொட்டைத் தண்ணீரும் நிழலில் உலர்த்துவதும் நல்லது. ஜமக்காளமானால் முதலில் ஒரு மூலையை நனைத்து, சாயம் நிற்கிறதா என்று பாருங்கள்.

சரி, சுவரை விட்டு அருவிக்கு வருவோம். ஐந்தருவியில் இறங்கும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஓடையாகி, சிற்றாற்றோடு கலந்து, வயல்களுக்கெல்லாம் பாய்ந்து, கடைசியில் தாமிரவருணியை அடைகிறது. நாம் தலையிலிருந்து கழற்றிவிட்ட நுரையும் கூடவே போகிறது. காலிப் பொட்டலங்கள் பாறை இடுக்கில் தங்கிவிடுகின்றன. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு உபயோகிப்பதற்குத் தடை விதிக்க வேண்டி வந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீருக்கு நம் சோப்பின் ஒத்தாசை தேவைதானா என்பது என் கேள்வி.

அடுத்த முறை ஐந்தருவிக்குப் போகிறவர்கள் ஈரத்துணியை மாற்றிக்கொண்டு சித்திர சபைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பேரருவிக்கு அருகிலேயே, தெப்பக்குளத்தோடு இருக்கிறது. உள்ளே போனதும் சுவரைக் கையால் தடவிப் பார்க்க ஆசை வரும், வேண்டாம். கூத்தன் அங்கே இத்தனை காலமாக ஆடிக்கொண்டிருப்பது, யாரோ சிலர் அந்தச் சுவரைத் தொடாமல் விட்டு வைத்ததனால்தான்.