மைசூரின் வசந்தமும் கிரிக்கெட் இரசிகரும்

இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று நம் முன்னோர் வகுத்து வைத்தனர். ஆயினும், மைசூரில் குடியேறி வாழும் தமிழராகிய நமக்கு வசந்தம் சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. பங்குனி நடக்கும்போதே புங்க மரங்கள் பழைய இலைகளை உதிர்த்துப் பளபளக்கும் தளிர்களைத் தாங்கி நிற்கின்றன. மாமரங்களில் பிஞ்சு தோன்றுகிறது. சந்திரமானக் கணக்கின்படி யுகாதி வருகிறது. அண்டை வீட்டார் வேம்பையும் வெல்லத்தையும் கலந்து, ‘பேவு பெல்ல’ என்று சொல்லி நம் கையில் தருகின்றனர். அதன் பின்னர் நம்முடைய சித்திரைப் பிறப்பு. ஒரே வசந்தத்தை இருமுறை வரவேற்கும் பேறு பிறந்த ஊரில் இருப்போருக்கு இல்லை.

இந்தப் பருவத்தில்தான் கிரிக்கெட் இரசிகருக்கும் ஆண்டுக் கணக்கு முடிகிறது. ரஞ்சிக் கோப்பையின் இறுதி ஆட்டங்கள் பல, மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்துள்ளன. வேம்பும் வெல்லமும் அங்கேயும் உண்டு. நம் போன்றோருக்கு அவை ஒரே கிண்ணத்தில் கிடைக்கின்றன.

ஏன் என்பதை அறிய 1934-ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள், ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. சென்னையை எதிர்த்து நின்றது மைசூர். மைசூர் அணி முதலில் 48 ஓட்டங்களுக்கும், மறுமுறை 59 ஓட்டங்களுக்கும் ஆட்டமிழந்தது. சென்னை ஒரே இன்னிங்ஸில் 130 எடுத்திருந்தது. ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்கள் கொடுத்துப் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆட்டம் தொடங்கிய அன்றே முடிந்தும் போயிற்று. சென்னைக்கு இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் வெற்றி.

அடுத்த ஆண்டாகிய 1935-இல் மைசூரைச் சார்ந்த இரு நிகழ்ச்சிகள் நம் நினைவுக்கு உரியவை. மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி, தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தை அமைத்து, அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயரிட்டார். பிற்காலத்தில் நாடு முழுவதற்குமான வானொலிக்கு அப்பெயரே அமைந்தது. மற்றொன்று, ஆர். கே. நாராயணின் முதல் நாவல் வெளிவந்தது. சென்னையில் பிறந்து, தந்தையின் பள்ளிப் பணியை ஒட்டி மைசூருக்கு வந்து வேரூன்றிய தமிழர் அவர். ‘சுவாமியும் நண்பர்களும்’ என்னும் அந்நூலில், சிறுவர்கள் எம். சி. சி. என்ற பெயரில் ஒரு கிரிக்கெட் சங்கம் அமைக்கின்றனர். ஆட்ட நாளன்று சுவாமி வந்து சேரவில்லை. ஆட்டத்தோடு நட்பும் தோற்கிறது. பந்தாட்டம் ஒரு சிறுவனின் நெஞ்சை எவ்வளவு ஆழமாகத் தொடும் என்பதைப் புலம்பெயர்ந்த குடும்பத்தவர் ஒருவர் இவ்வாறு எழுதிக் காட்டினார்.

மைசூர் அணியின் வெல்லம் மிகத் தாமதமாகவே வந்தது. 1941–42 பருவத்திலும், 1959–60 பருவத்திலும் இறுதி ஆட்டம் வரை சென்று பம்பாயிடம் தோற்றது. பம்பாயோ 1958–59 முதல் 1972–73 வரை பதினைந்து பருவங்கள் தொடர்ந்து கோப்பையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வல்லமையை முறித்தது 1974-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். 1973 நவம்பரில் மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் பெற்றிருந்தது. புதிய பெயர் தாங்கிய அணி பெங்களூரில் பம்பாயை அரையிறுதியில் சந்தித்தது. விசுவநாத் 162 ஓட்டங்களும், பிரிஜேஷ் பட்டேல் 106 ஓட்டங்களும் எடுத்தனர். கவாஸ்கரின் விக்கெட்டைப் பிரசன்னா சாய்த்தார். முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் கர்நாடகம் முன்னேறி, ஜெய்ப்பூரில் இராஜஸ்தானையும் வென்று கோப்பையை முதன்முறையாகக் கைக்கொண்டது.

அவ்வணியின் தலைவர் பிரசன்னா மைசூரில் பொறியியல் பயின்றவர். டெஸ்ட் ஆட்டக்காரராகிவிட்ட பின்னும், படிப்பை முடிப்பதற்காக 1962-க்குப் பின் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் டெஸ்ட் களத்திலிருந்து ஒதுங்கி நின்றார். பிள்ளைகளின் படிப்பை எண்ணி ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அந்தத் தியாகத்தின் அருமை விளங்கும். மைசூரில் பிறந்த சந்திரசேகருக்கு இளம்பிள்ளை வாதத்தால் வலக்கை மெலிந்தது. அந்தக் கையாலேயே சுழற்பந்து வீசி, 1971 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் களத்தில் 38 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை எடுத்தார். இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அதனால் கிட்டியது. அடுத்த தலைமுறையில் இந்நகரம் தந்த ஜவகல் ஸ்ரீநாத், வேகப்பந்து வீசி 236 டெஸ்ட் விக்கெட்டுகளைச் சேர்த்தார். இவர்களைப் பாராட்டும்போது, நாம் எந்த மாநிலத்தார் என்ற எண்ணம் எழுவதில்லை.

எழுந்த நாளும் உண்டு. 2015 மார்ச்சில் மும்பையில் நடந்த ரஞ்சி இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடும் கர்நாடகமும் மோதின. தமிழ்நாடு 134 ஓட்டங்களில் சுருண்டது. கர்நாடகம் 762 எடுத்தது. அதில் கருண் நாயர் ஒருவரே 328. தமிழ்நாடு இன்னிங்ஸும் 217 ஓட்டங்களும் பின்தங்கித் தோற்றது. எண்பது ஆண்டுகளுக்கு முன் சேப்பாக்கத்தில் மைசூர் அருந்திய வேம்பு, வட்டியுடன் நமக்குத் திரும்பி வந்தது. பல இல்லங்களில் தந்தை ஒரு பக்கமும், இங்கேயே பிறந்து வளர்ந்த மக்கள் மறுபக்கமும் அமர்ந்திருந்தனர். தந்தைக்கு வருத்தம் தோல்வியினால் மட்டும் அன்று. தம் ஊர், பிள்ளைகளின் ஊராக இல்லையே என்னும் எண்ணமும் அதனுள் இருந்தது.

ஆனால் பிள்ளைகள் செய்த தவறு யாது? அவர்கள் விளையாடிப் பழகியது இவ்வூர்த் திடல்களில். கூட விளையாடியவர்கள் இவ்வூர்த் தோழர்கள். நாம் சேப்பாக்கத்தை நேசித்த அதே காரணத்தால் அவர்கள் இம்மண்ணை நேசிக்கின்றனர். பற்று என்பது நாம் அவர்களுக்குக் கற்பித்ததுதான். அது பற்றிக்கொண்ட இடம் மட்டுமே வேறு.

அந்த மார்ச்சு மாதம் 21-ஆம் நாள் யுகாதி வந்தது. அண்டை வீட்டார் வழக்கம்போல் வேம்பும் வெல்லமும் கொண்டு வந்தனர். ஆட்டத்தைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாமே வாழ்த்துக் கூறினோம். வேம்பைத் தனியே ஒதுக்கிவிட்டு வெல்லத்தை மட்டும் எடுப்பது இங்கு வழக்கமன்று.