பற்றாக்குறை திறந்த கதவு: செயிண்ட் லூயிஸ் பிரவுன்ஸ், 1945

விளையாட்டின் வரலாறு ஜெயித்தவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கோப்பை, சாதனை, நாயகன் என்று போகும் அந்தப் பெருங்கதையாடலில் தோற்றுக்கொண்டே இருந்தவர்களுக்கு இடம் கிடையாது. நான் இங்கே பேச எடுத்துக்கொள்வது அப்படி ஒரு தோற்ற அணியை. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரத்து பேஸ்பால் அணி, பெயர் பிரவுன்ஸ். அதன் போர்க்கால ஆட்டங்களைப் பின்தொடர்ந்தால் 'தகுதி' என்ற சொல் யாரால், யாருக்காக, எந்த நேரத்தில் வளைக்கப்படுகிறது என்பது தெரியும் என்று நினைக்கிறேன். நமக்கு ரொம்பப் பழக்கமான சொல்தானே அது.

1902இல் அந்த நகரத்துக்கு வந்த பிரவுன்ஸ் 1943 வரை ஒருமுறைகூட அமெரிக்கன் லீக் பட்டத்தைத் தொட்டதில்லை. 1935இல் சீசன் முழுக்க அவர்கள் மைதானத்துக்கு வந்த கூட்டம் 80,922 பேர். 1939இல் 43 வெற்றி, 111 தோல்வி. கட்டுப்படியாகாமல், உரிமையாளர் டொனால்ட் பார்ன்ஸ் அணியை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்ற ஏற்பாடு செய்கிறார். லீக் கூடி ஒப்புதல் தரவேண்டிய நாள் 1941 டிசம்பர் 8. முதல்நாள் ஜப்பான் பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டது. திட்டம் செத்தது, அணி இருந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டது.

1942 ஜனவரி 15 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸுக்குக் கடிதம் எழுதுகிறார். ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், மக்கள் முன்னைவிட அதிக நேரம் வேலை செய்யப்போகிறார்கள், அவர்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும். ஆனால் ராணுவத்துக்குப் போகக்கூடிய ஆட்டக்காரர்கள் போகத்தான் வேண்டும் என்பது அதன் சாரம். விளையாட்டு அரசியலுக்கு அப்பாற்பட்டது என்பவர்கள் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். ஆலைக்குள் உடல் தளராமல் ஓட, ஆலைக்கு வெளியே அதற்கு ஊட்டப்படும் எரிபொருளாகவே விளையாட்டு இதில் வருகிறது.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் படைக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் யார்? வயதானவர்கள், விடலைகள், ராணுவம் '4-எஃப்' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியவர்கள். செவிப்பறையில் ஓட்டை, குடலிறக்கம், பழுதான முட்டி. சாவதற்குத் தகுதியில்லை என்று அரசு சொன்ன உடல்கள், ஆடுவதற்குத் தகுதியுள்ளவை ஆயின. பிரவுன்ஸிடம் இப்படிப்பட்டவர்கள் நிறையவே இருந்தார்கள். மற்ற அணிகள் நட்சத்திரங்களை இழந்தன. பிரவுன்ஸுக்கு இழக்கப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. டென்னி கேல்ஹவுஸ் ஆக்ரனில் குட்இயர் விமான ஆலையில் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து பந்து வீசினார். 1936க்குப் பிறகு பெரிய லீக் பக்கமே தலைகாட்டாத ஸிக் ஜக்குக்கி திரும்ப வந்தார். 1944 சீசனின் முதல் ஒன்பது ஆட்டங்களையும் வென்று, கடைசி நாளில் நியூயார்க் யாங்கீஸைத் தோற்கடித்துப் பட்டத்தையே பிடித்துவிட்டார்கள். அந்தக் கடைசி ஆட்டத்தை வென்று தந்தவர் ஜக்குக்கி. பிரவுன்ஸ் வரலாற்றில் கிடைத்த ஒரே பட்டம் அது. உலகத் தொடரில் சொந்த ஊர்க்காரர்களான கார்டினல்ஸிடம் தோற்றது தனிக்கதை.

இந்த ஆட்டத்தின் பந்துக்குள்ளும் போர் புகுந்திருந்தது. மலாயாவை ஜப்பான் பிடித்ததும் ரப்பர் வரத்து நின்றுபோய், 1943இல் பந்தின் உள்ளே ரப்பருக்குப் பதிலாக பலாட்டா என்ற மரப்பாலை வைத்தார்கள். அடித்தால் பந்து எழும்பவில்லை. மட்டைக்காரர்கள் போட்ட கூச்சலில் பந்தை மாற்றினார்கள். அந்த மலாயத் தோட்டங்களில் பால் வெட்டிய கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். அதே காலத்தில் அவர்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில்பாதைக்கு வாரிச்செல்லப்பட்டார்கள். பேஸ்பால் வரலாற்றில் பந்து எழும்பாத கதை இருக்கிறது. பால் வெட்டியவன் கதை இல்லை.

இனி 1945. பட்டம் வென்ற பிரவுன்ஸ் புதிதாக ஓர் ஆளைச் சேர்க்கிறது. பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரான நான்டிகோக்கில், லிதுவேனியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த பீட் கிரே. சின்ன வயதில் வண்டி விபத்தில் வலது கையை இழந்தவர். பந்தைப் பிடித்ததும் கையுறையைக் கை போன தோளுக்கடியில் செருகி, மார்பின் குறுக்கே உருளும் பந்தை இடது கையில் வாங்கி எறிவார். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில். 1944இல் மெம்பிஸ் அணிக்காக .333 சராசரி, 68 முறை தளம் திருடியது, அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஆக, அவர் வெறும் காட்சிப்பொருள் இல்லை. ஆனால் காட்சிப்பொருளாகவும் ஆக்கப்பட்டார். செய்திப்படங்களில் அவரைக் காட்டினார்கள். கை கால் இழந்து மருத்துவமனைகளில் கிடந்த சிப்பாய்களுக்கு முன்னால் நம்பிக்கையின் உருவமாக நிறுத்தினார்கள். அவர் உடல் போர்ப் பிரச்சாரத்தின் ஒரு வாக்கியமாகிவிட்டது.

பிரவுன்ஸுக்காக அவர் முதன்முதலில் களமிறங்கியது 1945 ஏப்ரல் 17. அதற்கு முந்தின நாள், ஏப்ரல் 16, பாஸ்டனில் ரெட் சாக்ஸ் அணியின் மைதானத்தில் மூன்று கறுப்பு இளைஞர்கள் தேர்வாட்டம் ஆடினார்கள். ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ். நகரமன்ற உறுப்பினர் மச்னிக்கும் பத்திரிகையாளர் வெண்டெல் ஸ்மித்தும் கொடுத்த நெருக்கடியால் நடந்த கண்துடைப்பு அது. பிறகு தகவல் சொல்கிறோம் என்று அனுப்பினார்கள். தகவல் வரவேயில்லை. ராபின்சன் ராணுவ அதிகாரியாக இருந்தவர். பேருந்தில் பின்னால் போகமாட்டேன் என்றதில் தொடங்கிய தகராறில் 1944இல் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என்று விடுதலையானவர். அந்த ரெட் சாக்ஸ் ஒரு கறுப்பரைக் களத்தில் இறக்கியது 1959இல். எல்லா அணிகளுக்கும் கடைசியாக.

இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆளே கிடைக்காத காலம். ஒரு கை உள்ள வெள்ளையருக்குக் கதவு திறக்கிறது, இரண்டு கை உள்ள கறுப்பருக்குத் திறக்கவில்லை. தகுதிதான் அளவுகோல் என்று இத்தனை காலம் சொன்னார்களே, அது எங்கே போச்சு?

விதி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதுதான் இதில் சூட்சுமம். 1943 டிசம்பரில் பாடகர் பால் ராப்ஸனும் கறுப்புப் பத்திரிகை அதிபர்களும் அணி உரிமையாளர்கள் முன்னால் போய் வாதாடினார்கள். கறுப்பரைத் தடுக்கும் விதி எதுவும் இல்லையே என்றார் லாண்டிஸ். உண்மைதான், இல்லை. எழுதிய சட்டத்தைக் கிழித்துப்போடலாம். எழுதாத சட்டத்தை எங்கே பிடிப்பது? பிரவுன்ஸின் சொந்த மைதானத்திலேயே 1944 மே வரை கறுப்புப் பார்வையாளர்கள் வலதுபுறக் கொட்டகையில் மட்டும்தான் உட்காரலாம்.

ஆனால் பீட் கிரேயைக் கேலிப்பொருளாக்கி இந்த வாதத்தைக் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். 'ஒற்றைக் கையனைக்கூட எடுத்தார்களே' என்ற அந்த 'கூட' நம் வாயிலும் சுலபமாக வந்துவிடும். ஒரு விலக்கலை அம்பலப்படுத்த இன்னொரு விலக்கலின் மொழியைக் கடன் வாங்குவது அது. அதிகாரம் விரும்புவதும் அதைத்தானே, விளிம்பில் நிற்கிற இரண்டு பேர் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்க வேண்டும். கிரே யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. கதவின் சாவி அவரிடம் இல்லை.

அந்த சீசனில் கிரே 77 ஆட்டம் ஆடினார். 234 முறை மட்டை பிடித்து 51 முறை அடித்துச் சேர்ந்தார், சராசரி .218. மட்டையைச் சுழற்றத் தொடங்கிவிட்டால் ஒரு கையால் நிறுத்த முடியாது என்பதைக் கண்டுகொண்ட பந்துவீச்சாளர்கள் வளையும் பந்துகளாகப் போட்டார்கள். அணி 81 வெற்றி, 70 தோல்வியோடு மூன்றாம் இடம். பட்டம் கைநழுவியதற்குக் கிரேதான் காரணம் என்று சக ஆட்டக்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். போர் முடிந்தது, சிப்பாய்கள் திரும்பினார்கள், கிரே சிறிய லீக்குக்கு அனுப்பப்பட்டார். பெரிய லீக்கில் அவர் மறுபடி ஆடவேயில்லை. 2002இல் இறந்தார்.

ராபின்சனுக்குத் திறந்த கதவின் கதை வேறு. கம்யூனிஸ்ட் நாளேடான டெய்லி வொர்க்கரில் லெஸ்டர் ராட்னி 1936 முதல் நிறத்தடைக்கு எதிராக விடாமல் எழுதினார். பிட்ஸ்பர்க் கூரியர் 1942இல் வெளியே பாசிசத்தின் மீதும் உள்ளே நிறவெறியின் மீதும் வெற்றி என்று 'இரட்டை வெற்றி' இயக்கம் தொடங்கியது. 1945 மார்ச்சில் நியூயார்க் மாநிலம் வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. அந்த அக்டோபரில்தான் புரூக்ளின் டாட்ஜர்ஸின் பிராஞ்ச் ரிக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்த அறிவிப்பு வருகிறது. ரிக்கி வியாபாரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வியாபாரிக்கு முதுகுக்குப் பின்னால் பத்து வருஷ இயக்கம் நின்றது.

1947 ஏப்ரலில் ராபின்சன் களமிறங்கினார். ஜூலையில் பிரவுன்ஸும் ஹாங்க் தாம்ஸன், வில்லர்ட் பிரவுன் என்ற இரண்டு கறுப்பு ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தது. நோக்கம் டிக்கெட் விற்பனை. ஆகஸ்டில் வில்லர்ட் பிரவுன், ஜெஃப் ஹீத் என்ற வெள்ளைச் சகாவின் மட்டையை எடுத்து ஹோம் ரன் அடித்தார். அமெரிக்கன் லீக்கில் ஒரு கறுப்பர் அடித்த முதல் ஹோம் ரன். ஹீத் அந்த மட்டையை உடைத்துப் போட்டார். கூட்டம் சேரவில்லை. ஐந்தே வாரத்தில் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். 1953 சீசனோடு பிரவுன்ஸும் செயிண்ட் லூயிஸை விட்டுப் பால்டிமோருக்குப் போய்ப் பெயரையும் இழந்தது.

பற்றாக்குறை திறந்துவிட்ட கதவு பற்றாக்குறை தீர்ந்ததும் மூடிக்கொள்கிறது. கிரேக்கு அப்படித்தான். வசூலுக்காகத் திறந்த கதவு வசூல் இல்லாதபோது மூடுகிறது. தாம்ஸனுக்கும் பிரவுனுக்கும் அப்படி. வெளியிலிருந்து தள்ளித் திறந்த கதவைத்தான் உள்ளே இருப்பவர்களால் திரும்பச் சாத்த முடியவில்லை. அதற்குள்ளும் முதலாளியின் கணக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் இந்தமுறை கணக்குப் போட்டவன் அவன் மட்டும் இல்லை.

நீக்ரோ லீக்குகளில் ஆடியவர்களின் புள்ளிவிவரங்களைப் பெரிய லீக்கின் அதிகாரபூர்வப் பதிவில் சேர்த்தது 2024இல்தான். அதற்குள் அவர்களில் அநேகமாக எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள். கதவுகளைப் பற்றி நாம் பேசும்போது இந்தத் தாமதத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.